ஆவேசத்தைத் தணிக்கப் போடும் ஊசி இதயத்துடிப்பைக் குலைக்குமா?

கேள்வி: மனநோயின் தீவிரத்தில் கட்டுக்கடங்காமல் இருந்த என் தம்பிக்கு அவசரப் பிரிவில் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். பிறகு ஈசிஜி எடுத்துப் பார்த்து, 'க்யூடி' நீண்டிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முறை அந்த ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த ஊசியை என் கையாலேயே பலமுறை போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், ஊசியைவிட, போடுகிறவருக்குத் தெரியாமல் ஏற்கெனவே உடம்பில் இருக்கும் மருந்துகளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் இதயத்தின் கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராக முடியும். சுருங்கத் தொடங்கியது முதல் அப்படித் திரும்பி முடிக்கும்வரை ஆகும் நேரத்தைத்தான் க்யூடி என்கிறோம். செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை ஹாலோபெரிடால் ஓரளவு அடைப்பதால் அந்த நேரம் நீள்கிறது. துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் அது 500 மில்லி விநாடியைத் தாண்டினால் எங்கள் பிரிவில் எல்லோரும் விழித்துக்கொள்வோம். ஏனென்றால் தயாராகாத இதயத்தில் அடுத்த துடிப்பு வந்து விழும்போது, ஈசிஜி தாளில் அலைகள் முறுக்கிய கயிறு போலச் சுருண்டு, நோயாளி மயங்கி விழுவார், சில சமயம் உயிரே போய்விடும். 1966-இல் தெசர்தென் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இந்த நிலை அரிதானதே; தசையில் ஊசி போடுவதைவிட நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தும்போது ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் எச்சரித்தது.

ஆவேசமாக இருப்பவருக்கு ஊசிக்கு முன்னால் ஈசிஜி எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அவர் அடங்கிய பிறகும், நெஞ்சு வியர்வையில் ஒட்டுவில்லைகள் நிற்காமல், துண்டால் துடைத்துத் துடைத்துத்தான் எடுத்தோம். கணக்கு 510 காட்டியது. துடிப்பு வேகமாக இருக்கும்போது அந்தத் திருத்தத்துக்குப் பயன்படும் பாசெட் சூத்திரம் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தும் எண் இறங்கவில்லை. அப்போதுதான் அவருடைய ஆயா, ரொட்டிப் பையில் சுருட்டி வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து நீட்டினார். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுயிலினும் க்ளோஃபாசிமைனும் அதில் இருந்தன. இரண்டுமே க்யூடியை நீட்டுபவை. "அதெல்லாம் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு அம்மா, அதனாலதான் சொல்லல" என்றார். பெடாகுயிலின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்தரை மாதம் ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2018 முதல் தென்னாப்பிரிக்காவில் இந்த வகைக் காசநோய்க்கு அது வழக்கமான மருந்தாகிவிட்டதால், இந்தச் சேர்க்கையை இங்கே எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, பொட்டாசியமும் குறைந்திருந்தது. அதை ஏற்றி, மெக்னீசியமும் கொடுத்து, இரண்டாவது ஹாலோபெரிடாலைத் தவிர்த்து, வேறு வகை அமைதிப்படுத்தும் மருந்தான லோராசெபாம் போட்டோம். மறுநாள் காலை எண் 470.

ஆகவே, ஊசியே வேண்டாம் என்று மறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லோராசெபாம் க்யூடியைத் தொடாது என்றாலும் மூச்சை மந்தமாக்கும், குடித்துவிட்டு வந்தவருக்கு இன்னும் அதிகமாக. ஒன்றும் கொடுக்காமல் கட்டிப்போட்டு வைப்பதும் உயிருக்கு ஆபத்தானதே. மாறாக, தம்பி கடந்த ஆறு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரைகள் அனைத்தையும், நிறுத்தியவை உட்பட, கைபேசியில் படமெடுத்து வைத்திருங்கள். அவர் முன்பு காரணமின்றி மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ, வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஆவேசத்தைத் தணிக்க மூன்று நாள்வரை வேலைசெய்யும் ஸுக்ளோபெந்திக்சால் அசிடேட் என்ற வேறோர் ஊசி போடப்பட்டால், அந்த நாட்களில் மறுபடி ஈசிஜி எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். இந்த முறை எடுத்த ஈசிஜியின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும் எண்ணை மருத்துவர் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.