டார்வின் பிடித்த வண்டுக்கு 182 ஆண்டு கழித்துப் பெயர்

கேள்வி: டார்வின் பிடித்த ஒரு வண்டுக்கு அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்களாமே? பூச்சிகளுக்குப் பெயரை மாற்றி மாற்றி வைத்து விளையாட ஒரு அறிவியல், அதற்கு ஒரு சம்பளம் வேறா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு திருத்தம். அந்த வண்டின் பெயரை யாரும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு அதற்குப் பெயரே இருந்ததில்லை.

1832-இல் பீகிள் கப்பல் பயணத்தின்போது, அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்காவில் டார்வின் அதைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 23. அதே வட்டாரத்தில்தான் அழிந்துபோன ராட்சத விலங்குகளின் எலும்புகளையும் தோண்டி எடுத்தார். எலும்புகளைப் பற்றி உலகம் பேசியது. வண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எங்கோ ஒதுங்கிப்போய், தொலைந்த பொருள் கணக்கில் சேர்ந்துவிட்டது. டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்தில் பணியாற்றும் ஸ்டிலியானோஸ் ஹாட்ஸிமனோலிஸ் ஆய்வுக்காக அங்கிருந்து கடனாகப் பெற்ற வண்டுகளின் நடுவே அது மறுபடி கண்ணில் பட்டது. தலையில் நீலப்பச்சை உலோக மினுமினுப்பு, ரம்பப் பல் போன்ற உணர்கொம்பு. தெரிந்த எந்தப் பேரினத்திலும், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் எந்தத் தொகுதியிலும், அது அடங்கவில்லை. 2014 பிப்ரவரி 12, டார்வினின் பிறந்தநாள் அன்று, அதற்கு டார்வினிலஸ் செடாரிசி என்ற பெயர் வந்தது.

‘அடங்கவில்லை’ என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதுதான் நீங்கள் விளையாட்டு என்று சொல்லும் வேலை. ஒரு வண்டு புதியது என்று சொல்ல வேண்டுமானால், அதன் உறவுக்காரப் பூச்சிகளுக்கெல்லாம் முன்பு பெயர் வைத்தவர்கள் எந்தப் பூச்சியின் உடலை மாதிரியாக வைத்துப் பெயரிட்டார்களோ, அந்த உடல்களையே தேடிப் போக வேண்டும். ஒன்று லண்டனில் இருக்கும், இன்னொன்று பெர்லினில் இருக்கும். நூறு ஆண்டுக்கு முன் குண்டூசியில் குத்திய உடல், தொட்டால் கால் உதிரும். டார்வினின் வண்டு ரோவ் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரோவ் வண்டுகளில் பல இனங்களை வெளியே பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைத் தனியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். ஒரே பூச்சிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால் பொதுவாக முந்திய பெயரே நிற்கும். ஒரே பெயருக்குள் இரண்டு பூச்சிகள் ஒளிந்திருந்தால் பிரிக்க வேண்டும். இப்படி ஒரு பேரினத்தைச் சீர்செய்து முடிக்கவே ஆண்டுகள் ஓடிவிடும். ரோவ் வண்டுகளில் இதுவரை பெயர் பெற்றவை மட்டும் 60,000 இனங்களுக்கு மேல்.

இந்தக் குடும்பத்தில் ஒன்று உங்கள் ஊர் வயலிலும் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பு போல மெலிந்து, அரைச்சட்டை போட்டது போலச் சிறகு மூடி பாதி உடம்போடு நின்றுவிடும். இரவில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். கழுத்தில் ஊர்கிறதே என்று நசுக்கினால், ஓரிரு நாளில் அந்த இடம் எரிந்து கொப்பளிக்கும். பீடரஸ் என்பது அதன் பேரினப் பெயர். தோல் மருத்துவருக்கு அது தொல்லை. நெல் விவசாயிக்கோ பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்று தீர்க்கும் கூட்டாளி. இருவரும் பேசுவது ஒரே பூச்சியைப் பற்றித்தான் என்பது அந்தப் பெயர் இருப்பதால்தான் தெரிகிறது. இது விளையாட்டா, சொல்லுங்கள்.

சரி, எழுத்தாளர் பெயருக்கு வருகிறேன். டேவிட் செடாரிஸின் ஒலிப்புத்தகங்களைக் கேட்டுக்கொண்டேதான் ஹாட்ஸிமனோலிஸ் மணிக்கணக்காக மாதிரிகளைத் தயார் செய்தார். அந்த நன்றிக்காக இனப்பெயரை அவருக்குக் கொடுத்தார். பேரினப்பெயரை டார்வினுக்குக் கொடுத்தார். பஹியா பிளாங்காவின் பெயரை வைத்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். ஆனால் தனியாக உட்கார்ந்து குண்டூசியும் இடுக்கியுமாகப் பல நாள் உழைத்தவர் தனக்குத் துணையிருந்த குரலுக்கு நன்றி சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

‘மாற்றி மாற்றி’ என்கிறீர்களே, அதுதான் கொஞ்சமும் பொருந்தாத குற்றச்சாட்டு. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்றுக்கு 1930-களில் ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருக்காகவே அதைப் பிடித்துச் சேகரிக்கும் கூட்டம் உண்டு. எனக்கு அதைப் படிக்கவே கூசுகிறது. ஆனாலும் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. பெயர் பிடிக்கவில்லை, பெயருக்குரியவர் கொடியவர் என்பதற்காக மாற்ற விதியில் இடமில்லை. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையம் 2023-இலும் இதைத்தான் சொன்னது. இது சரியா என்று நாம் வாதாடலாம், எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பிடிவாதமாக நிற்பவர்களைப் பார்த்து, மாற்றி விளையாடுகிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

அப்புறம் சம்பளம். டார்வினின் வண்டோடு சேர்த்து இந்த இனத்தில் உலகம் அறிந்த மாதிரிகள் இரண்டே இரண்டு. இன்னொன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் கிடைத்தது. அர்ஜென்டினாவின் கோர்டோபா மாகாணத்தில் ரியோ குவார்ட்டோ என்ற ஊரில் 1935-க்கு முன் பிடித்தது. அதற்குப் பிறகு பிடிபட்டதாகப் பதிவு இல்லை. அந்தப் பக்கத்துப் புல்வெளியில் பெரும்பகுதி உழுது விவசாய நிலமாகிவிட்டது. வண்டு அழிந்தேவிட்டதா, எங்காவது எஞ்சிய புல்லுக்கடியில் ஓடுகிறதா என்ற கேள்வியையே 2014 வரை யாரும் கேட்டிருக்க முடியாது. இன்று ரியோ குவார்ட்டோவில் ஒரு பள்ளிச் சிறுமி நீலப்பச்சைத் தலையும் ரம்பக் கொம்பும் உள்ள வண்டைக் கண்டால், அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விவரணையும் படமும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. அதை எழுதியவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.