மாடு குறுக்கே வந்தது, பில்லை யார் கட்டுவது? கார் இன்சூரன்ஸ் கேள்வி-பதில்

தேவிபட்டினம் வாசகர்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு வரும்போது மாடு குறுக்கே பாய்ந்து பம்பர், பானட், முன்கண்ணாடி மூன்றும் போய்விட்டன. வண்டிக்கு நாலு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. ஃபுல் இன்சூரன்ஸ்தான். 52,500 ரூபாய் பில்லுக்கு 40,300 மட்டுமே தந்தார்கள். பில் நகலை இணைத்திருக்கிறேன். மீதியை ஏன் பிடித்தார்கள்?

பதில்: பில்லைப் பார்த்தோம், பிடித்தது சரிதான். உங்கள் பாலிசியில் தேர்ட் பார்ட்டியோடு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்போடு, சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி என்றால் வண்டி புதுசோ பழசோ, பாதி கழிவு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புத் தகடுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், அப்புறம் ஏறிக்கொண்டே போய் உங்கள் வண்டியின் வயதுக்கு 35 சதவீதம்.

பம்பர் 8,000, அதில் 4,000 போனது. பானட் 12,000, கழிவு 4,200. கண்ணாடி 9,000, கூலி 10,000, இரண்டும் முழுசாக வந்துவிட்டன. பெயிண்டிங் 12,000-ல் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதி, 1,500 கழித்திருக்கிறார்கள். கூலன்ட், கிளிப், போல்ட் வகையறா 1,500 முழுக்க உங்கள் பொறுப்பு. 1,500 சிசி வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாக 1,000 ரூபாய் கையிலிருந்து போகும். அதற்கு மேல் சிசி என்றால் 2,000. ஆக மொத்தம் 12,200.

பட்டறையில் பம்பர் டு பம்பர் என்று சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷனை, அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் கவரை எடுத்திருந்தால் 9,700 மிஞ்சியிருக்கும். கூலன்ட், கிளிப் செலவுக்கு அது போதாது, தனிக் கவர் வேண்டும். கட்டாய 1,000 எதிலும் தப்பாது.

சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள். கிளைம் இல்லாத வருஷங்களுக்கு நோ கிளைம் போனஸ், அதாவது சொந்தச் சேத பிரீமியத்தில் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம். சொந்தச் சேத பிரீமியம் 8,000 என்றால் 45 சதவீத போனஸ் 3,600. நாலாயிரம் ரூபாய் வேலைக்கு அதை இழப்பது வீண்.

மாடு செத்து, அதன் சொந்தக்காரர் பணம் கேட்டால் அது தேர்ட் பார்ட்டி சொத்துச் சேதம். கார் பாலிசியில் வரம்பு ஏழரை லட்சம். கூட்டம் கூடிவிட்டதே என்று அங்கேயே தொகை பேசி முடித்துவிட்டுக் கம்பெனியிடம் கேட்டால் தரமாட்டார்கள். அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்கள் ஒப்புக்கொண்ட எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை என்பது பாலிசி நிபந்தனை.

பாம்பன் வாசகர்: சாலைப் பாலத்தில் மெதுவாகப் போகும்போது பின்னால் வந்த வேன் இடித்தது. டிக்கி நசுங்கியது, பின்சீட்டில் இருந்த மாமாவுக்குக் கை முறிவு. எனக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும். எதுவும் கிடைக்குமா?

பதில்: உங்கள் பாலிசியிலிருந்து காருக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் அந்த வேனுக்கு நீங்களும் மாமாவும்தான் தேர்ட் பார்ட்டி. கை முறிவுக்கும் டிக்கிக்கும் அந்த வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியை எதிர்த்து மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். காயத்துக்கான தொகைக்கு உச்சவரம்பு இல்லை. எஃப்ஐஆர், வேனின் நம்பரும் பாலிசி விவரமும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் வேண்டும். ‘ஸ்டேஷன் எதுக்கு, பேசிக்கலாம்’ என்பவரை நம்பிக் கிளம்பினால் பிறகு விபத்து நடந்ததை நிரூபிப்பதே பெரும்பாடு.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தப்பு உங்கள் பக்கம் இருந்து மாமாவுக்கு அடிபட்டிருந்தால், தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள சொந்த கார் பாலிசியில் உடன் வந்தவருக்குக் கவர் இல்லை. சொந்தச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் காருக்குள் இருப்பவர்களும் அடக்கம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் பிரீமியம் வித்தியாசத்தைப் பார்க்காமல் பேக்கேஜ் எடுப்பதே எங்கள் யோசனை. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் கவர் வேறு. அது ஆர்சியில் பெயர் உள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும். மகன் ஓட்டி மகனுக்கு அடிபட்டால் அது வராது.

மண்டபம் வாசகர்: ஐப்பசி மழையில் தெருவில் நின்ற கார் கதவு வரை மூழ்கியது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. இன்ஜினுக்குக் கிளைம் உண்டா?

பதில்: புயல், வெள்ளம் இரண்டும் சொந்தச் சேதப் பிரிவில் உண்டு. சீட், கார்ப்பெட், வயரிங் கிடைக்கும். இன்ஜினில்தான் சிக்கல். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். தண்ணீர் அமுங்காது, ஆகவே பிஸ்டன் ஏறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி மறுக்கும். இன்ஜின் புரொடெக்ட் கவர் இருந்தால் கிடைக்க வாய்ப்புண்டு. அதிலும் மூழ்கிய பின் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பியதை விலக்கும் பாலிசிகள் உண்டு, வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

இனி இப்படி நடந்தால் சாவியைத் தொடாதீர்கள், புஷ் பட்டனையும்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தண்ணீர் நின்ற அளவு கதவில் தெரியும்படி போட்டோ எடுத்து, அன்றே கம்பெனிக்குச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுக்காமல், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பிரிக்க விடாதீர்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் உப்புக்காற்றில் நின்று அடிப்பாகம் துருப்பிடிப்பது வேறு கதை. அது நாள்பட்ட தேய்மானம், எந்தப் பாலிசியிலும் வராது.

ராமேஸ்வரம் வாசகர்: ஓன்போர்டு காரில் யாத்ரிகர்களை அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய் வாடகை வாங்குவேன். விபத்தானால்?

பதில்: சொந்தச் சேதக் கிளைம் நிராகரிக்கப்படும். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால் நிபந்தனை மீறல். பயணிகளிடம் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதுதான். காயம்பட்டவருக்குத் தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கட்டச் சொன்னாலும், அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க உத்தரவு வரலாம். டி-போர்டுக்கு, அதாவது வாடகை வண்டியாக, மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

சாயல்குடி வாசகர்: பழைய கார் வாங்கி ஆர்சி மாற்றிவிட்டேன். பாலிசி பழைய ஓனர் பேரில் ஓடுகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும், அது சட்டப்படி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதம் வராது. வாங்கிய 14 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

தொண்டி வாசகர்: கிளைம் தர முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கே போவது?

பதில்: மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நடுவருக்கு, போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்கமாட்டார். எனவே முதலில் ஆம்புட்ஸ்மேன்.