லவ் பேர்ட்ஸ் குஞ்சு வாய் தொறக்கலீங்களா? சிரிஞ்ச வெச்சுட்டுக் காலத் தொட்டுப் பாருங்க

கோபி பக்கமிருந்து ஒரு அம்மணி கேட்டிருந்தாங்க, சுருக்கிப் போடறேன்:

"அண்ணா, எட்டாவது படிக்கற பையன் அடம் புடிச்சான்னு ஞாயித்துக்கெழம ரெண்டு லவ் பேர்ட்ஸ் குஞ்சு வாங்கிட்டு வந்தோம். மூணு வாரக் குஞ்சுன்னாங்க, முள்ளு முள்ளா றெக்கை மொளச்சிருக்குது. கடைல ஒரு சிரிஞ்சும் பொட்டலத்துல கொஞ்சம் மாவும் குடுத்து, கையில ஊட்டி வளத்தாத்தான் பழகும்னு சொல்லி அனுப்பிச்சாங்க. ஒண்ணு நல்லா வாங்கிக்குது. இன்னொண்ணுக்கு நேத்து ராத்திரி குடுத்ததே இன்னும் கழுத்துக்குக் கீழ பொடச்சுக்கிட்டு நிக்குது, வாயவே தொறக்க மாட்டேங்குது. எத்தனை தடவ குடுக்கோணும், ராத்திரி எந்திரிச்சுக் குடுக்கோணுமா, எப்பத் தானாத் திங்கும், பேசுமா? எங்கூட்டுல இதுக்கு முன்னாடி பறவையே வளத்ததில்லீங்க."

மொதல்ல அந்த வாய் தொறக்காத குஞ்சப் பாத்துருவோம் அம்மணி, பேசுமா பாடுமாங்கறதெல்லாம் அப்பறம். அதுக்கு இப்ப ஒரு சொட்டு மாவு கூடக் குடுக்காதீங்க. பசில கெடக்குதேன்னு மனசு கேக்காமத்தான் பாதிப்பேரு மேல மேல ஊட்டி விடறாங்க, அதுலதான் குஞ்சு போயிருது.

கோழி வளத்த ஊடா இருந்தா தீனிப்பைன்னா தெரிஞ்சிருக்கும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கற பை, திங்கறது எல்லாம் மொதல்ல அங்கதான் சேரும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும். மூணு வாரக் குஞ்சுக்கு நாலஞ்சு மணி நேரத்துல அது எறங்கீரோணும், காத்தால பாத்தா பை சுத்தமாக் காலியாத் தோலு சுருங்கிக் கெடக்கோணும். உங்குளுது விடிஞ்சும் நிக்குதுன்னா உள்ள இருக்கற மாவு புளிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். இட்லி மாவு பொங்கற மாதிரிதானுங்க, கதகதன்னு ஒரே எடத்துல நின்னா என்ன ஆகும்? அது மேல புதுசா ஊத்துனா அதுவும் சேந்து புளிக்கும்.

பை எறங்காததுக்கு நான் பாத்த வரைக்கும் பாதிக்குப் பாதி காரணம் குளிரு. றெக்கை முழுசா வராத குஞ்சு தன் சூட்டத் தானே தாங்காது, ஒடம்பு சில்லுன்னு ஆனா செரிமானம் அப்படியே நின்னு போயிரும். அதனால சிரிஞ்ச வெச்சுட்டு மொதல்ல அதோட காலத் தொட்டுப் பாருங்க. உங்க வெரலுக்குச் சில்லுன்னு பட்டுச்சுன்னா அதான் விசயம்.

ஒரு தெர்மாகோல் பெட்டியோ கெட்டியான அட்டைப்பொட்டியோ எடுத்துக்குங்க, காத்து போக ஓட்டை போடுங்க, ஒரு பக்கம் மட்டும் சூடு வர்ற மாதிரி 40 வாட்ஸ் பல்பு மாட்டுங்க, அட்டைலயும் படாம குஞ்சுக்கும் எட்டாம தள்ளி இருக்கோணும், லைட்டு கண்ணுல அடிக்காத மாதிரி ஒரு மறைப்பு வெச்சிருங்க. பழைய குண்டு பல்புங்க, எல்இடி இல்ல. எல்இடி போட்டுட்டு ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுதுங்களே அப்பறம் ஏன் செத்துச்சுன்னு கேட்டவங்க இருக்காங்க, அதுல வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் பத்தற சூடு வராது. உள்ள ஒரு தெர்மாமீட்டர் போட்டுருங்க, முள்ளு றெக்கைக் குஞ்சுக்கு 30 டிகிரி பக்கம் இருக்கோணும், ஒடம்பு சரியில்லாததுக்கு ஒண்ணு ரெண்டு கூட இருக்கலாம், றெக்கை மூடிட்டா 26, 27 போதும். வாயத் தொறந்து மூச்சு வாங்கி றெக்கையத் தூக்கிட்டு நின்னா சூடு ஜாஸ்தி, மூலைல ஒட்டிக்கிட்டு நடுங்குனா பத்தல. ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் சாதான்னு இருந்தா அதுவே எடம் பாத்துக்கும். அடில பேப்பர் போட்டா வழுக்கிக் காலு ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு போயிரும், துண்டோ டிஸ்ஸூவோ போடுங்க. நார்மில்லுத் தூளு சும்மா கெடைக்குதேன்னு பொள்ளாச்சிப் பக்கம் சில பேரு போடறாங்க, ஈரம் பட்டா பூசணம் புடிக்கும், குஞ்சும் அதக் கொத்தி முழுங்கும், வேண்டாங்க. கரண்டு போனா சுடுதண்ணி பாட்டில் ஒண்ண துணில சுத்தி உள்ள வெச்சிருங்க.

ஒரு மணி நேரம் சூட்டுல இருந்து காலு வெதுவெதுன்னு ஆனதுக்கப்பறம், அதுவா முழுங்குச்சுன்னா மட்டும் காய்ச்சி ஆறுன வெதுவெதுப்பான தண்ணி நாலஞ்சு சொட்டு குடுங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல பை கொஞ்சமாவது எறங்கோணும். எறங்கலைனா, இல்ல வாய்கிட்ட மோந்தா புளிச்ச வாடை அடிச்சா, வாய்க்குள்ள வெள்ளையாப் படிஞ்சிருந்தா அன்னைக்கே டாக்டர் கிட்டப் போயிருங்க, உள்ள பூஞ்சை கெளம்பியிருக்கும், அதுக்கு மருந்துதான் குடுக்கோணும், ஊட்டு வைத்தியம் ஆகாது. நம்ம ஊரு டாக்டருங்க முக்காவாசி மாடு ஆடுன்னு பாக்கறவங்க, லவ் பேர்ட்ஸும் கிளி இனந்தானுங்க, அதனால போன் பண்ணி கிளி பாப்பீங்களான்னு கேட்டுட்டுக் கெளம்புங்க. நாமக்கல்ல வெட்னரி காலேஜ் இருக்குது, எங்கயும் சரியாத் தெரியலைனா அங்க போகலாம். தலகீழாப் புடிச்சுப் பையப் பிதுக்கி வெளிய எடுக்கற ஒரு வித்தை இருக்குது, யாராவது செஞ்சு காட்டறேன்னா கையப் புடிச்சுத் தடுத்துருங்க, வெளிய வர்றது நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்.

அடுத்தது அந்தப் பொட்டல மாவு. தூக்கிப் போட்டுருங்க. என்னைக்குப் பிரிச்சது, என்ன கலந்தது, ஒண்ணும் தெரியாது. பால் பவுடர் கலந்த கொழந்த மாவத்தான் நெறையாப் பேரு குடுக்கறாங்க, பறவைக்குப் பாலச் செரிக்கற சக்தியே கெடையாதுங்க. கிளிக்குஞ்சுக்குன்னே சீல் போட்ட பாக்கெட்டுல ஏ21ன்னு ஒண்ணும் இன்னும் ரெண்டு மூணு கம்பெனிதும் கெடைக்குது, அதுல எது கெடைச்சாலும் வாங்கி மேல போட்ட அளவுப்படி கலக்குங்க, கெட்டியா வேண்டாம், தயிரக் கடைஞ்சு ஊத்துனா எப்படி விழுகுமோ அந்தப் பதம்.

சூடு 39ல இருந்து 41 டிகிரிக்குள்ள. இத மட்டும் கண்ணாலயும் மணிக்கட்டுல சொட்டு உட்டும் பாக்காதீங்க, சமையலுக்கு விக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. நான் ஆரம்பிச்ச புதுசுல மேல தொட்டுப் பாத்துட்டு சரியாத்தான் இருக்குதுன்னு ஊட்டுனேன், அடில கிண்டாம உட்டது தெரியல. அன்னைக்கும் ஒண்ணும் ஆகல அடுத்த நாளும் ஆகல, குஞ்சு நல்லாத்தான் வாங்குச்சு. நாலஞ்சு நாள் கழிச்சுக் கழுத்துக்குக் கீழ ஒரு ரூபா காசுல பாதி அளவுக்குத் தோலு கறுத்துக் காஞ்சு, அப்பறம் அது உரிஞ்சு ஓட்டையாகி, ஊட்டறதெல்லாம் அந்த ஓட்டை வழியா நெஞ்சுல வழிஞ்சுது. பை வெந்து போயிருந்துச்சுங்க. அந்தக் குஞ்சு பொழைக்கல. மைக்ரோவேவ்ல சூடு பண்ணா இதேதான் நடக்கும், நடுவுல ஒரு எடம் மட்டும் கொதிச்சுக் கெடக்கும். ஆறிப்போனதக் குடுத்தா பை எறங்காது, அதனால மாவுக் கிண்ணத்த சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள்ள எறக்கி வெச்சுக்கிட்டே ஊட்டுங்க. மிச்சத்த அடுத்த வேளைக்கு வெக்காதீங்க, கொட்டீருங்க.

புதுசா ஊட்டறவங்களுக்கு சிரிஞ்ச விட சின்ன ஸ்பூன்தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன். டீ ஸ்பூனோட ரெண்டு ஓரத்தையும் கொறடால உள்பக்கமா மடிச்சு உட்டா பாலாடை மாதிரி ஆயிரும். அதுல ஊத்துனா குஞ்சு தன் வேகத்துக்குக் குடிக்கும், சிரிஞ்சுல நம்ம கட்டைவெரலு அழுத்தற வேகத்துக்கு அது குடிக்கோணும், மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கறதுனால அங்கதான் தப்பு நடக்குது. சிரிஞ்சுதான் கைக்கு வருதுன்னா குஞ்சோட எடது பக்கத்துல இருந்து வலது பக்கமாச் சாச்சுப் புடிங்க. டேபிள்ல துண்டு விரிச்சு அது மேல நிக்க உடுங்க, அந்தரத்துல தூக்காதீங்க. அலகு ஓரத்துல லேசாத் தொட்டா தலைய மேலயும் கீழயும் வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டும், அப்ப மட்டும் குடுங்க, ஆட்டறத நிறுத்துனா நிறுத்திருங்க. மூக்குல மாவு வந்துச்சுன்னா ஊட்டறத அப்படியே நிறுத்திட்டுத் தொடச்சு மூச்சு வாங்க உடுங்க.

அளவு, ஒரு வேளைக்கு ஒடம்பு எடைல பத்துல ஒரு பங்கு. 30 கிராம் குஞ்சுன்னா 3 மில்லி. பை மெத்துன்னு இருக்கோணும், பலூன் மாதிரி வெறைக்கக் கூடாது. மூணு வாரத்துக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை, காத்தால ஆறு, பதினொண்ணு, நாலு, ராத்திரி ஒம்பதரை. நடு ராத்திரி எந்திரிக்க வேண்டாம், அந்த நேரம் பை காலியாகறதுக்குத்தான். நாலு வாரம் தாண்டுனா மூணு வேளை, அஞ்சுல ரெண்டு. ஆனா கடியாரத்தப் பாத்து ஊட்டாதீங்க, பையத் தொட்டுப் பாத்துட்டு ஊட்டுங்க. கிராம் காட்டற சின்னத் தராசு ஒண்ணு வாங்கி தினம் காத்தால வெறும் பையோட எடை போட்டு எழுதி வைங்க, அந்த வேலைய உங்க பையன் கிட்டக் குடுத்துருங்க, சந்தோசமாப் பண்ணுவான். பறக்கப் போற நேரத்துல எடை கொஞ்சம் கொறையும், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தொடந்து கொறைஞ்சா சும்மா இருக்கப்படாது.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வயசுக் குஞ்ச புதுசா வளக்கறவங்க கையில குடுத்ததே தப்புங்க. ஊட்டுனாத்தான் பழகும்ங்கறது யாவாரத்துக்குச் சொல்றது. பழகறது கையிலதானே தவிர மாவுல இல்ல. நம்மூர்ல கூண்டுக்குள்ள மண்பானை கட்டித் தொங்க உடறோமல்லங்க, பொட்டை அதுக்குள்ள நாலஞ்சு முட்டை உட்டு 18 நாள் அடைகாக்கும், சேவல் வெளிய இருந்து பொட்டைக்கு ஊட்டும், பொட்டை குஞ்சுக்கு ஊட்டும், அப்படியே அஞ்சு வாரம் பானைக்குள்ள வளந்து வெளிய வரும். அந்தக் குஞ்ச தினம் பத்து நிமிசம் எடுத்துக் கையில வெச்சிருந்துட்டுத் திருப்பிப் பானைல உட்டாலே போதும், என்ற கிட்ட அப்படி வளந்ததுங்கதான் தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குதுங்க. ஆறேழு வாரத்துல தானா திங்கறதா வாங்கி, உள்ளங்கைல தினை வெச்சு நீட்டுனாலும் பத்துப் பதினஞ்சு நாள்ல வந்துரும்.

அதனால பக்கத்துல யாராவது இதே அளவுக் குஞ்சோட பானை வெச்சிருந்தாங்கன்னா அந்த நல்லா இருக்கற குஞ்ச அதுல சேத்து உட முடியுமான்னு கேட்டுப் பாருங்க. மனுசன் தொட்டா தாய் சேத்தாதுங்கறது சும்மா பேச்சு, பொட்டை பெரும்பாலும் ஊட்டிரும், ஒரு நாள் பக்கத்துல இருந்து பை நெறையுதான்னு மட்டும் பாத்துக்கோணும். சீக்குக் குஞ்ச மட்டும் அடுத்தவங்க பானைல உட்டுறாதீங்க, அங்க இருக்கறதும் சேந்து போயிரும்.

தானாத் திங்கறது. அஞ்சாவது வாரத்துல இருந்து தரைல தினைய எறைச்சு உடுங்க, சந்தைல தினைக் கதிரு கெடைச்சா ஒண்ணக் கட்டித் தொங்க உடுங்க, வெளையாட்டாக் கொத்திக் கொத்திக் கத்துக்கும். கம்பு, சாமை, பனிவரகு எல்லாம் சேத்துக்கலாம், கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை நல்லாக் கழுவிக் குடுங்க, நாட்டு மருந்துக் கடைல கடல்நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு தருவாங்க, கம்பில சொருகி உட்டா சுண்ணாம்புச் சத்துக்கு ஆச்சு. கிண்ணத்துல தினை நெறையா இருக்குதேன்னு நம்பாதீங்க, இதுங்க உமிய உரிச்சு அதே கிண்ணத்துலதான் போடும், பாக்கறதுக்கு நெறைஞ்ச மாதிரி இருக்கும். வாயால ஊதிப் பாத்தா பூராப் பறந்துட்டு அடில நாலு மணி கெடக்கும். தினைக்கு நடுவுலயே பட்டினி கெடந்து செத்த குஞ்ச நான் பாத்திருக்கேன். எடை ஒரு வாரம் கொறையாம நிக்கற வரைக்கும் ராத்திரி வேளைய நிறுத்தாதீங்க.

ஊட்டுக்குள்ள மூணே விசயம். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மேல காஞ்சா வர்ற பொகைல பறவை நிமிசத்துல போயிரும், அதனால சமையக்கட்டுப் பக்கம் கூண்டு வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணி ஆகாது. வெளிய உடறப்ப சீலிங் பேனு நின்னிருக்கோணும். அப்பறம் தொட்டுட்டுக் கைய சோப்புப் போட்டுக் கழுவறத பையனுக்குப் பழக்கி உடுங்க, கிளி இனத்துல இருந்து மனுசனுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சல் ஒட்டறது உண்டு.

நாம லவ் பேர்ட்ஸ்னு கூப்படறது ஆஸ்திரேலியாக்காரப் பட்ஜி, நெச லவ் பேர்டு ஆப்பிரிக்காவுது, வேற சாதி. பட்ஜிக்கு சட்டச் சிக்கல் இல்ல. இது பழகிட்டா பையன் அடுத்தாப்புல பச்சைக்கிளி கேப்பான், அது 1972 வனவிலங்குச் சட்டத்துல வர்றது, ஊட்டுல வளக்கக் கூடாது, இப்பவே சொல்லி வைங்க.

பேசுமான்னு கேட்டீங்க. அமெரிக்கால ஒரு சேவப் பட்ஜி 1728 வார்த்தை பேசுச்சுன்னு கின்னஸ்ல இருக்குது, உங்குளுது அப்படிப் பேசும்னு நான் சொல்ல வரல, நாலு வார்த்தை சொன்னாலே பெருசு, அதுவும் சேவல்தான் ஓரளவு பேசும். அலகுக்கு மேல மூக்கு ஓட்டை இருக்கற எடத்தப் பாருங்க, குஞ்சுல அது ஊதாக் கலந்த ரோஸ் நெறத்துல ஒரே மாதிரி இருந்தா சேவலா இருக்கலாம், ஓட்டையச் சுத்தி வெளுப்பு வளையம் தெரிஞ்சா பொட்டை. நெத்தி வரைக்கும் இருக்கற கறுப்புக் கோடெல்லாம் மூணு நாலு மாசத்துல உதுந்துரும், அப்பப் பாத்தா சேவலுக்கு மூக்கு நீலமா மாறி நல்லாத் தெரியும், பேரு அப்ப வெச்சுக்கலாம். இப்பப் போய் அந்தக் குஞ்சோட காலத் தொட்டுப் பாருங்க அம்மணி.