சீரியலில் வருவது போல அறிவுசார் குறைபாடு ஒரு நாள் குணமாகிவிடுமா?

ஒரு சீரியலில் அறிவுசார் குறைபாடுள்ள மகன் நேர்த்திக்கடனுக்குப் பிறகு குணமாவதைப் பார்த்துவிட்டு, கீழக்கரையில் இருக்கும் உங்கள் அக்கா மகனையும் ஏர்வாடி தர்காவில் தங்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இது வந்து போகும் நோய் இல்லை, மூளை வளரும் பருவத்திலேயே அமைந்துவிடும் நிலை. ஆனால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்ள முடியும். சட்டைப் பொத்தான் போடுவது, கடையில் சில்லறை எண்ணி வாங்குவது என எதையும் சிறு படிகளாகப் பிரித்து, சலிக்காமல் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். வீட்டில் கருவாடு காயப்போடுகிறீர்களா? அதுவும் நல்ல பயிற்சிதான்.

தர்காவில் துஆ கேளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. சிகிச்சை என்று அங்கே விட்டுவராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அப்புறம், சீரியல்கள் சொல்லாத ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளைக்கு 18 வயதானதும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.