கேத்தரின்: ‘சி’யா, ‘கே’யா?

கேள்வி: பிறக்கப்போகும் மகளுக்கு என் கொள்ளுப்பாட்டியின் பெயரான கேத்தரினையே வைக்க ஆசை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் குழப்பம். அவருடைய திருமணப் பதிவில் பெயர் ‘சி’யில் தொடங்குகிறது, இன்னொரு ஆவணத்தில் ‘கே’, மூன்றாவதில் ‘எச்’சே இல்லை. எது சரி? மூன்றும் ஒரே ஆள்தானா? ‘தூய்மையானவள்’ என்று பொருள் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: பொருளிலிருந்து தொடங்குகிறேன், எழுத்துக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பெயரின் பழைய கிரேக்க வடிவம் ‘ஐக்காத்தெரீனே’. அதன் வேர் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு; ஹெக்கத்தே என்ற பெண்தெய்வத்தோடு சிலர் தொடர்புபடுத்துவார்கள். கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் இதை ‘தூய’ என்று பொருள்படும் ‘கத்தரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்தச் சொல்லின் சாயலில்தான் பெயருக்குள் ‘டி’யை அடுத்து ‘எச்’ நுழைந்தது. ஆக, ‘தூய்மை’ பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். ஆனாலும் பல நூற்றாண்டுகளாக மக்கள் அந்த நினைப்போடுதான் இந்தப் பெயரை வைத்து வந்திருக்கிறார்கள். நீங்களும் தாராளமாக வைக்கலாம்.

‘எச்’ இல்லாத எழுத்துக்கூட்டல் பிழை அல்ல. ஆங்கிலேயர்கள் வெகுகாலம் ‘கேட்டரின்’ என்றே உச்சரித்தார்கள். கேட், கிட்டி என்ற செல்லப்பெயர்களில் அந்தப் பழைய ‘ட்’ இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார், அரசியாகக் கையெழுத்திட்டபோது ‘கே’யில் தொடங்கி, ‘எச்’ இல்லாமல்தான் எழுதினார்.

‘கே’ கிரேக்க எழுத்தை ஒட்டியது. லத்தீனில் ‘க’ ஒலிக்குப் பெரும்பாலும் ‘சி’தான் என்பதால் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் எல்லாம் ‘சி’யை எடுத்துக்கொண்டன. ஜெர்மன், போலிஷ் மொழிகளில் ‘கே’. ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டது.

ரஷ்யாவில் இதே பெயர் யெக்கத்தெரீனா, ஸ்பெயினில் கத்தலீனா, ஹங்கேரியில் கத்தலின், டென்மார்க்கில் கேரன். எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்தின் கதை. பழைய பிரெஞ்சு வடிவம் ஒன்று அங்கே போய், ஏறக்குறைய ‘கத்லீன்’ என்று ஒலிக்கும் பெயரானது. ஒலியைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியபோது கேத்லீன் பிறந்தது. ஐரிஷ் எழுத்துகளை அப்படியே வைத்து ஆங்கில முறையில் படித்தபோது கேட்லின் பிறந்தது. ஒரே பெயர், காதால் ஒன்று, கண்ணால் ஒன்று!

சரி, உங்கள் ஆவணங்களுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பதிவு எழுதியவர் பெரும்பாலும் காதில் விழுந்ததை எழுதினார். அதனால் எழுத்து மாறியிருப்பதை வைத்து வேறு ஆள் என்று முடிவு செய்யாதீர்கள். பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், கணவர் பெயர், ஊர் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்னும் தேடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய பதிவுகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைச் சேர்த்துத் தேட ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறை உண்டு, 1918-இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ‘எச்’சையும் விட்டுவிட்டு, மீதி மெய்களை எண்களாக்கும். ‘எச்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘கே’ வடிவம் கே365தான். ஆனால் ‘சி’ வடிவம் சி365 ஆகிவிடும். அதனால் இரண்டு எழுத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள்.

மகளுக்கு? என்னைக் கேட்டால், கொள்ளுப்பாட்டி தாமே கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் அதிலுள்ளபடியே வையுங்கள். இல்லையென்றால் ‘கே’யோ ‘சி’யோ, உங்களுக்குப் பிடித்த வழக்கமான வடிவம் போதும். புதுமைக்காக ‘ஒய்’யைச் செருகினால் வாழ்நாள் முழுக்க அவள்தான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எழுத்தின் தலையில் குறி வரும் ஐரோப்பிய வடிவங்களை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயருக்கு ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை உள்ள 26 எழுத்துகள்தான் செல்லும், குறிகள் வராது. அப்புறம், பிறப்புப் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் தாள்களும் எழுதப்படும்.