ஆலைப் புகையும் குழந்தையின்மையும்: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: செம்பு உருக்கும் ஆலையில் ஆறு வருடமாக உலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திருமணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. பரிசோதனையில் விந்தணு குறைவு என்று வந்தது. புகையில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பதாகச் சொல்கிறார்கள். நிர்வாகத்தின் மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் குழந்தை இல்லை என்பதில் வழக்கைத் தொடங்காதீர்கள். உடம்பில் ஆர்சனிக் ஏறியதில் தொடங்குங்கள். ஆர்சனிக்கால் வரும் நோய்கள், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோய் என்றால், வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் சுமை பல நாடுகளில் குறையும். குழந்தையின்மையை அதன் விளைவாகச் சேர்த்து இழப்பீடு கேளுங்கள்.

ஆர்சனிக் விந்தணுவின் எண்ணிக்கையையும் அசைவையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் குறைப்பது விலங்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் அவ்வளவு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். சிகரெட், வெரிகோசீல் (விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம்), உலைச் சூடு என்று வேறு காரணங்களை அடுக்குவார். சூடு என்றால் சும்மா விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் உங்களை நிறுத்தியதும் நிர்வாகம்தானே!

எனக்குப் பெரிய கவலை, சாட்சியம் கரைந்துபோவதுதான். ஆர்சனிக் ரத்தத்தில் சில மணி நேரம், சிறுநீரில் சில நாள்தான் தங்கும். நகத்திலும் முடியிலும் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே சிறுநீரைச் சோதியுங்கள். அதற்கு முன் நான்கைந்து நாள் மீன், இறால் வேண்டாம். அவற்றிலுள்ள தீங்கில்லாத வகை ஆர்சனிக்கும் கணக்கில் சேர்ந்துவிட்டால் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது. கால் நகத்தை ஆய்வக ஊழியர் முன்னிலையில் வெட்டிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் கெட்டியான சிறு முடிச்சுகள், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி போன்ற நிறத்திட்டுகள் இருந்தால் தோல் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகையில்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லி இப்போதே எழுத்தில் கேளுங்கள். மாறி மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். எண்ணிக்கை ஏறினால் வழக்குக்குப் பலம். உங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல செய்தி. மாற்ற மறுத்தால் அந்தப் பதிலும் சாட்சியம்தான்.

அப்புறம், காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் நோய் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். முதல் அறிக்கையின் தேதியோடு உள்ளூர் தொழிலாளர் வழக்கறிஞரை உடனே பாருங்கள். அதுவரை நிர்வாகம் நீட்டும் எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விந்துப் பரிசோதனை விவரம் வெளியே போகுமே என்று தயங்க வேண்டாம். மூடிய அறையில் விசாரிக்கும்படி நீதிபதியிடம் கேட்கலாம்.