திரை கறுத்துக் கணினி நின்றால்: கிராபிக்ஸ் டிரைவர் பற்றிய கேள்வி பதில்

இன்றைய கேள்விகளைக் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள், தொடர்பானவற்றோடு நிறுத்திக்கொள்வோம். கேட்பவர்கள் கார்டின் மாடல், விண்டோஸ் பதிப்பு, விண்டோஸ் செயலிழந்து நிற்கும்போது காட்டும் நீலத்திரையில் வரும் பிழைப்பெயர் ஆகிய மூன்றையும் தெரிவியுங்கள். இவை இல்லாவிட்டால் என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். ஊகத்தை நம்பி நீங்கள் பணம் செலவழிப்பதை நான் விரும்பவில்லை.

பென்னாகரம், ஸ்டூடியோ நடத்துபவர்: ஐயா, வணக்கம். எங்கள் கணினியில் முன்பு ரேடியான் கார்டு இருந்தது. சென்ற மாதம் அதைக் கழற்றிவிட்டு, பழைய ஜிடிஎக்ஸ் 1650 வாங்கிப் பொருத்தினோம். அன்றுமுதல் போட்டோஷாப்பில் ஆல்பம் வேலை செய்யும்போது திரை ஒரு கணம் கறுத்து மீள்கிறது. சில வேளைகளில் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று நீலத்திரை வருகிறது. விண்டோஸ் 11. முகூர்த்த மாதம் என்பதால் வேலை தேங்கிக் கிடக்கிறது.

பதில்: கேட்ட மூன்றையும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. திரை கறுத்து மீள்வதும் நீலத்திரையும் ஒரே நோயின் இரு நிலைகள். விஸ்டா காலம்தொட்டு விண்டோஸில் டிடிஆர் என்றொரு காவல் ஏற்பாடு உண்டு. கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்த வேலை 2 விநாடிக்குள் முடியாமலும் இடையில் நிறுத்த இயலாமலும் போனால், சிப் உறைந்துவிட்டதாகக் கருதி, விண்டோஸ் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கிப் பார்க்கும். அப்போதுதான் திரை கறுத்து மீள்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் ஒரு பதிவும் விழும். அந்த மீட்பு தோற்றாலோ, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, நீலத்திரையோடு கணினி நின்றுவிடும்.

இரண்டு நிறுவனங்களின் டிரைவர்கள் (ரேடியானுக்கு ஏஎம்டி, 1650-க்கு என்விடியா) ஒரே கணினியில் இருப்பது தன்னளவில் தவறன்று. பல மடிக்கணினிகளில் இன்டெலும் என்விடியாவும் சேர்ந்தே இயங்குகின்றன. கழற்றிய கார்டின் சர்வீஸ்களும் அமைப்புகளும் நீங்காமல் தங்கிவிடுவதும், புதிய கார்டுக்கு நீங்கள் ஒரு டிரைவரை நிறுவிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் வேறொரு பதிப்பைப் பின்னணியில் இறக்குவதும்தான் இங்கே சிக்கல். உங்களிடம் இரண்டுமே நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் என்விடியா தளத்திலிருந்து 1650-க்கான டிரைவரை இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ‘டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருளையும் அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே எடுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே, டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கும். சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை) போகும்போது அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். திருமணப் படங்கள் அத்தனையும் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

பிறகு இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். வைஃபை இருந்தால் அணையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் சேஃப் மோடுக்கான 4-ஐத் தேர்ந்தெடுங்கள். 5 வேண்டாம், அது இணையத்தோடு திறக்கும். அங்கே அந்த மென்பொருளைக் கொண்டு முதலில் ஏஎம்டி, அடுத்து என்விடியா என இரண்டையும் நீக்குங்கள். சாதாரணமாகத் துவக்கி, இறக்கி வைத்த டிரைவரை நிறுவி, மறுபடி ஒருமுறை துவக்கிய பின்னரே இணையத்தைச் செருகுங்கள்.

இதற்குப் பின்னும் 4101 பதிவுகள் வந்தால் டிரைவரை விட்டுவிட்டு, கார்டின் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள். அந்த 2 விநாடியை விண்டோஸின் உள் அமைப்புகள் உள்ள ரெஜிஸ்ட்ரியில் 10 ஆக மாற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஆல்பம் வேலைக்கு அது மருந்தாகாது, நோயை மறைக்கும், அவ்வளவுதான்.

பாலக்கோடு, இ-சேவை மையம்: திரையில் பச்சைக் கோடுகள் ஓடுகின்றன. கேபிளை அசைத்தால் மறைகின்றன. எந்த டிரைவர் போடலாம்?

பதில்: டிரைவர் வேண்டாம், அம்மா. கேபிளை மாற்றுங்கள்.

அரூர், கல்லூரி மாணவர்: அண்ணா, ஜிடி 710 கார்டுக்குப் புதிய டிரைவர் போட்டால், பொருத்தமான கார்டு இல்லை என்று மறுக்கிறது. டிரைவர்களைத் தானாகத் தேடித்தரும் மென்பொருள் ஒன்றைப் போட்ட பிறகு நீலத்திரையும் வருகிறது.

பதில்: தம்பி, அந்த மென்பொருளை முதலில் நீக்குங்கள். அத்தகையவை கார்டின் தலைமுறையைச் சரியாகப் பார்க்காமல் எதையாவது திணித்துவிடுகின்றன. உங்களுடையது என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறைக் கார்டு; அதற்கான புதிய கேம் டிரைவர்கள் 2021-உடன் நின்றுவிட்டன, டிரைவர் பதிப்புகளில் 470 வரிசைதான் கடைசி. மேலே பென்னாகரத்துக்குச் சொன்ன முறைப்படி துடைத்துவிட்டு, அந்த வரிசையில் உள்ளதை நிறுவுங்கள். ஜிடி 730 வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அந்தப் பெயரில் ஃபெர்மி, கெப்ளர் என இரு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. ஃபெர்மி என்றால் 390 வரிசைக்கு மேல் ஏறாது.

கிருஷ்ணகிரி, ஃப்ளெக்ஸ் அச்சகம்: புளூ ஸ்கிரீன் வருகிறது. மாங்கனிக் கண்காட்சி பேனர் வேலை நிற்கிறது. உடனே என்ன செய்ய?

பதில்: கார்டு? விண்டோஸ்? பிழைப்பெயர்?

காவேரிப்பட்டினம், கணினி பழுதுநீக்கும் கடை: சார், தாங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் கடைக்கு வருபவர் மாலைக்குள் கணினி வேண்டும் என்கிறார். ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் எல்லா மோதலும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். ஆராய்வதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

பதில்: உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஃபார்மட் செய்யும்போது, கணினி ஏன் நின்றது என்பதற்கு அதுவே எழுதி வைத்த சாட்சியத்தை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்றொரு கோப்புறை இருக்கும். நீலத்திரை வரும்போது பொதுவாக அதில் ஒரு சிறு கோப்பு சேரும். ‘புளூஸ்கிரீன்வியூ’ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால், எந்தக் கோப்பில் கணினி விழுந்தது என்பது தெரியும். பெயர் என்வி என்று தொடங்கினால் என்விடியா, ஐஜிடி என்றால் இன்டெல், ஏஎம்டி அல்லது ஏடிஐ என்றால் ரேடியான். ஒவ்வொரு முறையும் பிழைப்பெயரும் கோப்பும் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். இதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும்.

ஓசூர், உதிரிபாக வடிவமைப்பாளர்: கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த மென்பொருள் காட்டும் பெயர் பல வேளைகளில் தவறாக இருக்கும் என்று படித்திருக்கிறேன்.

பதில்: சரியான கேள்வி. டிடிஆர் பிழையில் டிரைவரின் பெயர் வந்தே தீரும், ஏனெனில் பதில் சொல்லாதது அதுதான். கார்டு சூடேறியிருந்தாலும், மின்சாரம் போதாமல் இருந்தாலும் அதே பெயர்தான் வரும். ஆகவே அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விசாரணையை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட்டோ விசாரணைக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது.

தருமபுரி, கணக்கு எழுதும் அலுவலகம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து இணையத்தில் இணைத்த அன்றே மறுபடி நீலத்திரை. கடையில் இருக்கும்வரை வரவேயில்லை.

பதில்: காவேரிப்பட்டினத்துக்காரர் இதைப் படிக்க வேண்டுகிறேன். புதிய விண்டோஸ் முதலில் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்பிளே டிரைவரில்தான் ஓடும். அதில் கார்டின் வேகமெல்லாம் பயன்படாது என்பதால் மோதலும் தெரியாது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் தானாகவே அதே சிக்கலான டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும். தருமபுரி நண்பரே, டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டரின் மேல் வலச்சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் ஒளிர்ந்தால் அழுத்துங்கள். ஒளிராவிட்டால் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை நிறுவுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால், அப்டேட்டோடு டிரைவர்கள் வர வேண்டாம் என்று குரூப் பாலிசியில் நிறுத்தி வைக்கலாம்.

காவேரிப்பட்டினம்: இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஃபார்மட்டே கூடாதா?

பதில்: வைரஸ் புகுந்த கணினிக்கும், சிஸ்டம் கோப்புகள் சிதைந்து சீர்செய்ய முடியாத கணினிக்கும் அதுவே சரியான வழி. அப்போதும் மினிடம்ப் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. அவர் சொல்லாவிட்டாலும் அவற்றை எடுத்து வையுங்கள். பிள்ளையின் சான்றிதழ் ஸ்கேன்களை அப்படி இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனம் தாங்கவில்லை.

பர்கூர், கிரானைட் பாலிஷ் ஆலை: நீலத்திரையே இல்லாமல் கணினி திடீரென அணைந்து தானாகத் துவங்குகிறது. ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது. டிரைவரை மூன்று முறை மாற்றிவிட்டோம்.

பதில்: இனி டிரைவரைத் தொடாதீர்கள். 41 என்பது கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. நீலத்திரையும் மினிடம்ப் கோப்பும் இல்லையென்றால் முதலில் மின்சாரத்தையும் சூட்டையும் பாருங்கள். உங்கள் இடத்தில் கல்தூள் அதிகம். கேபினெட்டைத் திறந்து, பிராசசர் ஃபேனுக்குக் கீழே ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கைப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி அடைத்து இறுகியிருந்தால் காற்று உள்ளே போகவே வழியில்லை. ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். அதன் பின்னும் அணைந்தால், வேறு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் பொருத்தி ஒரு நாள் ஓட்டுங்கள். யுபிஎஸ் பேட்டரியையும் சோதியுங்கள்.

ஊத்தங்கரை, ஸ்டூடியோ: டிரைவர் தேடித்தரும் மென்பொருளில் எது நல்லது?

பதில்: எதுவும் இல்லை. அரூர் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கிருஷ்ணகிரி, ஃப்ளெக்ஸ் அச்சகம்: ஜிடி 730, விண்டோஸ் 10, வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்.

பதில்: ‘ஜிபியூ-இசட்’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஜிபியூ என்ற கட்டத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். ஜிஎஃப் என்று தொடங்கினால் 390 வரிசை, ஜிகே என்று தொடங்கினால் 470 வரிசை. பென்னாகரத்துக்குச் சொன்னபடி, இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். அதுவரை பேனர் வேலை நிற்க வேண்டாம்: போட்டோஷாப்பில் ப்ரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராபிக்ஸ் பிராசசர் என்ற தேர்வை நீக்கிவிட்டு, போட்டோஷாப்பை மூடித் திறந்து பயன்படுத்துங்கள். வேகம் குறையும், ஆனால் வேலை ஓடும்.